டைகருக்குப் பயம் தெளிந்த வருஷம்

தீபாவளிக்கு நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மரக்காணத்தில் யாருக்காவது தெரியவேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். வெடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு தடவை வெளியே கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். வயிறு முட்டச் சோறு போடக்கூடாது, கொஞ்சம் தயிர்ச்சோறு போதும். கயிற்றில் கட்டக்கூடாது, மிரண்டு இழுத்துக் கழுத்தை அறுத்துக்கொள்ளும். வெடி விட்டுவிட்டுக் கேட்பதால்தான் அதற்கு அத்தனை பயம். பக்கத்தில் விடாமல் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் பாதிப் பயம் குறைந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், யாராவது ஒருவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வருஷா வருஷம் அதே ஆளாக இருக்கவேண்டும்.

மாஜிஸ்திரேட் ஐயா, நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தார்கள். நானாகத்தான் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கு வேகமாக இருந்தால் சொல்லுங்கள், நிதானமாகப் போகிறேன்.

என் பெயர் காசிலிங்கம். வயது முப்பத்தெட்டு. உப்பளத்தில் இன்ஜின் டிரைவர். கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றுகிற ஆயில் இன்ஜின் என் பொறுப்பு. மேட்டில் ஒரு செங்கல் கட்டிடம், தகரக் கூரை. அதில் இரண்டு அறை. ஒன்றில் இன்ஜின், இன்னொன்றில் டீசல் டின், கோணி, தட்டுமுட்டுச் சாமான்கள். என் மனைவி பெயர் ஞானாம்பாள். இடையஞ்சாவடியில் பிறந்தவள், பயிர் வைக்கிற குடும்பம். எங்களுக்குக் குழந்தை இல்லை.

கல்யாணமாகி முதல் இரண்டு வருஷம் அவள் என்னிடம் வேண்டியதை மட்டும் பேசுவாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள். நான் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் முகம் ஒரே மாதிரி இருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

எழுபத்திரண்டில் புயல் அடித்தபோது எங்கள் வீட்டுக் கூரை பறந்துவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு இன்ஜின் ஷெட்டுக்குப் போனேன். சுற்றிலும் தண்ணீர். இரண்டாம் நாள் ஒரு நாய்க்குட்டி மிதந்து வந்து மேட்டில் ஒண்டியது. எடுத்து என் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். ஞானாம்பாள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தவள் மூன்று நாளும் விடவில்லை. நான் தகரத்தைக் கட்ட எழுந்தாலும் கூடவே எழுந்துவருவாள். "மாமா, நீ இங்கயே இரு மாமா" என்றாள். அதற்கு முன் அவள் என்னை மாமா என்று கூப்பிட்டதே இல்லை. முன்னால் நாய்க்குட்டி நடுங்குகிறது, பின்னால் அவள் நடுங்குகிறாள். வெளியே எத்தனையோ பேர் வீடு வாசலை இழந்து நின்ற நேரம். ஆனாலும் உண்மையைச் சொல்வதாக வந்துவிட்டேன். அந்த மூன்று நாள்தான் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாள்.

காற்று நின்றது. தண்ணீர் வடிந்தது. பத்து நாளில் அவள் பழையபடி ஆகிவிட்டாள். நாய்க்குட்டிக்கு அவள்தான் டைகர் என்று பெயர் வைத்தாள். அது தெருவில் யார் கூப்பிட்டாலும் போயிற்று.

நான் கெட்ட மனிதன் இல்லை. குடிப்பதில்லை. அவளை ஒரு தடவைகூடக் கைநீட்டி அடித்ததில்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். நான் செய்ததெல்லாம், காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிற நாட்களில் வீட்டுக்கு வந்து, "ஆபீஸ் ரேடியோவுல சொன்னான். புதுச்சேரியில மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்களாம்" என்று சொன்னதுதான். வருஷத்தில் ஏழெட்டுத் தடவை இருக்கும். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அவள் முகம் வெளுத்துவிடும். என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். "பயப்படாத, நான் இருக்கேன்" என்பேன். காலையில், புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டதாகச் சொல்வேன். அவளுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

டைகர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தீபாவளிக்கு அதற்குப் பதினொரு மாசம். வெடிக்கு அது பயப்படவே இல்லை. எதிர்வீட்டு மாரியம்மாள் கையிலிருந்து அதிரசம் வாங்கித் தின்றுகொண்டிருந்தது. நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தின்னப் போய்விட்டது. ஒரு ஓலைவெடியைப் பற்றவைத்து அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில் போட்டேன். ஒன்றே ஒன்று. அது அலறிக்கொண்டு வந்து என் கால்களுக்கு நடுவே புகுந்தது. தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், இன்ஜினை ஓடவிட்டு, சாயங்காலம் வரை மடியில் வைத்திருந்தேன். அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் நெஞ்சில் தெரிந்தது.

அதற்குப் பிறகு மாசம் ஒரு தடவை, உப்புக் குவியலுக்குப் பின்னால் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, வேட்டி மடியில் வைத்திருக்கும் வெடியில் ஒன்றை எடுத்துப் போடுவேன். அதற்கு மறந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். உடனே தூக்கி அணைத்துக்கொள்வேன். வெடித்தது யார் என்று நாய்க்குத் தெரியாது. அணைத்தது யார் என்றுதான் தெரியும்.

மூன்று வருஷத்தில் அது என் நிழலாகிவிட்டது. தட்டு விழுந்தால் என்னிடம் ஓடிவரும். இடி இடித்தால் என்னிடம் ஓடிவரும். "காசிலிங்கத்து நாய் மாதிரி பாசமான நாயைப் பார்த்ததில்லை" என்று ஊரே சொல்லும்.

ஆதிமூலம் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குக் குடிவந்தது போன வருஷம் கார்த்திகையில். மிலிட்டரியில் நாய்களைப் பழக்குகிற பிரிவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவன். இங்கே உப்பளத்து ஆபீசில் ராத்திரி வாட்ச்மேன். தனி ஆள். நான்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து சனிக்கிழமை தோறும் சாப்பிட வைத்தேன். ஞானாம்பாள் அவனை அண்ணே என்பாள். அவன் தங்கச்சி என்பான். இதில் நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இன்றைக்கும் சந்தேகப்படவில்லை. இன்ஸ்பெக்டர் அப்படித்தான் எழுதப் பார்த்தார். அதை மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் எனக்குச் செய்த துரோகம் வேறு.

மாசி மகத்துக்குக் கடற்கரையில் சாமிகள் வந்து இறங்கியபோது அதிர்வேட்டு போட்டார்கள். டைகர் என் வேட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு மண்ணைப் பறித்தது. ஆதிமூலம் குனிந்து பார்த்தான்.

"காசி, துப்பாக்கி சத்தத்துல தூங்கற நாய்ங்கள நான் பழக்கியிருக்கேன். இதுக்கு ஆறு மாசம் போதும். நான் சரி பண்ணித் தர்றேன்."

"வேணாம்பா. அது இப்படியே இருக்கட்டும்."

"ஏம்பா, அது எவ்ளோ கஷ்டப்படுது பாரு."

"அதான் நான் இருக்கேன் இல்ல?"

அவன் டைகரின் முதுகைத் தடவிவிட்டு நிமிர்ந்தான். அப்புறம் அதைப்பற்றிப் பேசவில்லை. பேச்சு அத்தோடு முடிந்தது என்று நம்பினேன். நண்பன் சொன்னால் நம்புவதுதானே வழக்கம்.

இந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின ராத்திரி முழுக்க மழை. விடியற்காலையில் யாரும் வெடிக்கவில்லை. அதனால் நானும் அயர்ந்துவிட்டேன். கண் விழித்தபோது மணி ஏழு இருக்கும். மழை விட்டிருந்தது. தெரு முழுக்கச் சரவெடி. கட்டிலுக்குக் கீழே டைகர் இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினேன். மிரண்டால் அங்கேதான் போயிருக்கும். அங்கே இல்லை. கால்வாய்க் கரையில் தேடினேன். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து எது வரப்பு எது பள்ளம் என்று தெரியவில்லை. இரண்டு தடவை விழுந்தேன். அது எங்கேயோ தனியாக நடுங்கிக்கொண்டிருக்கும், என்னைத் தேடும் என்ற நினைப்பிலேயே தெருவுக்குத் திரும்பினேன்.

ஆதிமூலம் வீட்டு வாசலில் டைகர் படுத்திருந்தது. முன்னங்கால் மேல் தலை. பத்தடி தள்ளிப் பிள்ளைகள் சரத்தைக் கொளுத்தினார்கள். அது வெடித்து முடிகிறவரை காதை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டு, ஞானாம்பாள் நீட்டிய கருவாட்டுத் துண்டை வாயில் வாங்கிக்கொண்டது. அவள் தலைக்குக் குளித்துப் புதுப் புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மாமா, அப்படியே நின்னுட்ட? உன் புள்ளையப் பாரு!"

நான் கூப்பிட்டேன். டைகர் வாலை ஆட்டியது. எழுந்து வரவில்லை.

"அண்ணன்தான் பழக்குனாரு. உனக்குத் தெரியாம செய்யணும்னு நான்தான் சொன்னேன். நீ இன்ஜினுக்குப் போனதும் மத்தியானத்துல கூட்டிக்கினு வந்துடுவேன். மொதல்ல தூரமா நின்னு டின்னுல கரண்டியால மெதுவா தட்டறது. தட்டுனா ஒரு துண்டு கருவாடு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றது. அப்புறம் கேப்பு துப்பாக்கி, அதையும் தலகாணிக்குள்ள வச்சு. அதுக்குக் காது தொங்கிட்டா அன்னிக்கு அத்தோட நிறுத்திடுவாரு. ஆறு மாசம் மாமா. ஒருநாள்கூட விடல."

ஆறு மாசம். ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாக இருந்திருக்கிறார்கள்.

"இனிமே நீ தீபாவளியன்னிக்கு ஷெட்டுல போயி குந்திக்கினு கெடக்க வேணாம். ரெண்டு மணி பஸ்ஸுக்கு எங்கம்மா ஊருக்குப் போலாம். நான் அங்க தீபாவளி கொண்டாடி அஞ்சு வருஷமாச்சு. டைகரையும் கூட்டிக்கினு போலாம் மாமா."

"காத்து அடிக்குதே" என்றேன்.

"அது சும்மா காத்து. இங்கதான் மத்தியானத்துல டிரான்சிஸ்டர் கேப்பேனே. புயலும் இல்ல ஒண்ணும் இல்ல."

"எப்பலேர்ந்து கேக்கற?"

"ஆடியிலேர்ந்து" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒருநாள் நான் மூன்றாம் நம்பர் கூண்டு என்று சொன்னேன். அவள் அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே "அப்படியா மாமா" என்றாள். அன்றைக்கும் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தே பிடித்திருக்கிறாள். நான் சொல்வது பொய் என்று தெரிந்துகொண்டே, என்னைச் சொல்லவிட்டு, என் மனம் நோகாமல் இருக்க நடித்திருக்கிறாள். புருஷனை ஒருத்தி இப்படி ஏமாற்றலாமா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் பலகாரம் கட்டப் போனபிறகு ஆதிமூலம் என் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"காசி, உன் கை மடிக்குப் போனா அந்த நாய் தரையோட படுத்துக்குது. வெடிச் சத்தத்துக்குப் பயம் போச்சு, அது மட்டும் போகல. ஏன்னு எனக்குத் தெரியும். தங்கச்சிகிட்ட சொல்லல. நீயே வுட்டுடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டான். நான் சோறு போட்டவன்.

சரிப்பா என்றேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அவள் வைத்த இட்லியைச் சாப்பிட்டேன். புது வேட்டி கட்டிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். இன்ஜினை ஓடவிட்டேன். சாமான் அறையில் டீசல் டின்னின் மூடியைத் திறந்து இன்ஜினுக்கு ஊற்றினேன். மூடியைத் திரும்பப் போட்டேனா என்று கேட்டால், போடவில்லை. கை துடைத்த கோணிகளை டின்னுக்குப் பக்கத்திலேயே போட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போனேன்.

"உங்கம்மாவுக்குன்னு நல்ல கல்லுப்பா பார்த்து எடுத்து வச்சிருக்கேன். சாமான் ரூம்ல இருக்குது. வா, எடுத்துக்கினு அப்படியே பஸ்ஸுக்குப் போயிடலாம்."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கு என்மேல் வருத்தம் என்றும், உப்போடு போய் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னாள். பலகாரப் பையை இன்ஜின் மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். டைகர் அவள் பின்னால் போயிற்று. என்னைத் தாண்டித்தான் போயிற்று. நான் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

அந்த அறைக்கு உயரத்தில் ஒரு சின்னக் கம்பி ஜன்னல் உண்டு. கல்மேல் ஏறி நின்று, நூறு வாலாச் சரம் ஒன்றைக் கொளுத்தி உள்ளே போட்டேன். இரண்டாவதையும் போட்டேன்.

என் எண்ணம் என்னவென்று சொல்கிறேன். ஐந்து நிமிஷம். இருட்டு, சத்தம், புகை. இரண்டு பேருக்கும் பழைய பயம் வந்துவிடும். அவள் மாமா என்று ஒரு தடவை கூப்பிடுவாள். நான் திறப்பேன். இருவரும் வந்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை தாழ்ப்பாளில்தான் இருந்தது.

வெடி ஓய்ந்தது. நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். அவள் நாயோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல, இதோ நான் இருக்கேன்" என்று. அது என் வார்த்தை. ஷெட்டில் உட்கார்ந்து மூன்று வருஷம் நான் சொன்ன வார்த்தை. அதன்பிறகு கதவிடுக்கில் புகை வந்தது. கதவு சூடாயிற்று. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

சுவரில் தண்ணீர்க் குழாய் போவதற்கு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். குழாயைக் கழற்றி ஒரு மாசம் ஆகிறது. அதன் வழியாக டைகரின் தலை வந்தது, பிறகு உடம்பு. உள்ளேயிருந்து அவள் கைதான் தள்ளியது. வளையல் தெரிந்தது. டைகர் மண்ணில் விழுந்து எழுந்தது. நான் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். என்னைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. ஆதிமூலம் வீட்டுக்கு.

அவன் வந்து தாழ்ப்பாளைத் திறந்தபோது அவன் கை வெந்தது. மாரியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். நான் இன்ஜின் மேடையில் பலகாரப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை. ஞானாம்பாள் குழாய் ஓட்டைக்கு முன்னால் குப்புறக் கிடந்தாள் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

மாரியம்மாள் உங்களிடம் சொல்லியிருப்பாள். "மாமா, மாமா" என்று அவள் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது, அதைக் கேட்டுத்தான் ஓடிவந்தோம் என்று நாலு பெண்களும் சொல்கிறார்களாம். எனக்குக் கேட்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கும்போது எதற்கு இன்ஜின் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தீபாவளியன்று எப்போதும் ஓடும் என்றேன். டைகருக்காக. அவள் நாயோடு பேசியது கேட்டது, கத்தியது கேட்கவில்லையா என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். கேட்டது. முதலில் கேட்டது. ஆனால் அது என்னைத் தேடிக் கூப்பிட்ட குரல் இல்லை. கதவைத் திறக்கச் சொன்ன குரல். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை. ஞானாம்பாளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. போன வாரம் ஆதிமூலம் ஸ்டேஷனுக்குச் சாட்சி சொல்ல வந்தபோது டைகரையும் கூட்டிவந்தான். முதுகில் முடி கருகிப் புண் ஆறிக்கொண்டிருந்தது. கம்பிக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அது நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. தரையோடு தரையாகப் படுத்து, ஆதிமூலம் காலுக்குப் பின்னால் ஊர்ந்து போய் நடுங்கியது. அவன் எவ்வளவு தடவியும் நடுக்கம் நிற்கவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஐயா. ஆறு மாசம் அவன் பழக்கியதெல்லாம் போய், பழைய பயம் அப்படியே திரும்பிவிட்டது. இனி அது என்னைத் தேடி வந்துவிடும்.